தொற்றும் தீட்டும்

சுடுகாட்டுப் பூட்டிலிருந்து தடுப்பூசி வதந்தி வரை: கொள்ளைநோய்க் காலங்களில் மத நம்பிக்கையும் ஊர்ப் பழியும் மருத்துவர்களுக்கு வைத்த சோதனை

அமிர்தசரஸ் பொற்கோவிலில் கீர்த்தனை பாடிய ராகிகளில் நிர்மல் சிங் கால்சாவின் குரல் தனித்துத் தெரிந்த குரல். 2009-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. சீக்கியர்கள் வாழும் நாடெங்கும் அவரது ஒலிநாடாக்கள் போயின. 2020 ஏப்ரல் 2-ந் தேதி அதிகாலை, கொரோனா தாக்கி அமிர்தசரஸ் அரசு மருத்துவமனையில் அவர் இறந்தார். உடலை ஊருக்கு வெளியே உள்ள வேர்க்கா சுடுகாட்டுக்குக் கொண்டுபோக ஏற்பாடாயிற்று. வேர்க்கா மக்கள் சுடுகாட்டுக் கதவை இழுத்துப் பூட்டினர். எரித்தால் புகை வழியாக நோய் பரவும் என்பது அவர்கள் சொன்ன காரணம். அதிகாரிகள் பேசிப் பார்த்தனர். பலன் இல்லை. கடைசியில் சுக்கர்சக் என்ற கிராமத்தின் பொது நிலத்தில் அன்று மாலை சிதை மூட்டப்பட்டது.

நிர்மல் சிங் தாழ்த்தப்பட்ட வகுப்பில் பிறந்தவர். பூட்டுக்குப் பின்னால் கிருமிப் பயம் மட்டும் இல்லை, சாதியும் இருந்தது என்று பஞ்சாபில் பலர் அப்போதே பேசினார்கள். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். தொற்று என்ற புதுச் சொல்லும் தீட்டு என்ற பழைய சொல்லும் அந்த மாதம் நாடெங்கும் ஒன்றோடொன்று கலந்துவிட்டிருந்தன.

இரண்டு வாரம் கழித்து மேகாலயா. ஷில்லாங்கில் பெத்தானி மருத்துவமனையை நிறுவிய மருத்துவர், அந்த மாநிலத்தின் முதல் கொரோனா பலி. பல்லாயிரம் பேருக்கு வைத்தியம் பார்த்தவருக்கு இடம் தேடுவதற்குள் ஒன்றரை நாள் ஓடிவிட்டது. எரிக்கவும் எதிர்ப்பு, வேறோர் ஊரில் புதைக்கவும் எதிர்ப்பு. ஒரு பிரஸ்பிட்டேரியன் சபை தன் கல்லறைத் தோட்டத்தைத் திறந்துவிட்ட பிறகுதான் பிரச்னை தீர்ந்தது.

ஏப்ரல் 19-ந் தேதி இரவு சென்னையில் நடந்தது இவற்றையெல்லாம் மிஞ்சியது. இறந்தவர் நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர், கிறிஸ்தவர். கீழ்ப்பாக்கம் கல்லறைப் பக்கம் கூட்டம் கூடிவிட்டதால், உடலை அண்ணா நகர் பக்கம் வேலங்காட்டுக்குத் திருப்பினார்கள். அங்கே கல்லும் கட்டையும் பறந்தன. ஆம்புலன்ஸ் கண்ணாடி நொறுங்கியது. ஊழியர்களுக்கு மண்டை உடைந்தது. இறந்தவரின் மனைவியும் மகனும் திரும்பிப் போக வேண்டியதாயிற்று. நள்ளிரவுக்குப் பிறகு, போலீஸ் பாதுகாப்போடு, ஒரு சக மருத்துவரும் இரண்டு வார்டு ஊழியர்களும் மண்வெட்டியும் கையுமாகக் குழியை மூடினார்கள். ஒரு வாரத்துக்குள் தமிழக அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது: தொற்றுநோயில் இறந்தவரின் அடக்கத்தைத் தடுத்தால் குறைந்தது ஓராண்டு, அதிகபட்சம் மூன்றாண்டு சிறை. கீழ்ப்பாக்கத்தில் மறு அடக்கம் செய்ய வேண்டும் என்று குடும்பம் கேட்டதை மாநகராட்சி மறுத்தது. 2021 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த மறுப்பை ரத்து செய்தது.

ஒரு சீக்கியர், இரண்டு கிறிஸ்தவர்கள். தடுத்தவர்களில் எல்லா மதத்தாரும் இருந்தனர். மருத்துவம் சொன்னதோ எளிய விஷயம்: கொரோனா மூச்சு வழியே பரவும் நோய். பிணம் மூச்சு விடுவதில்லை. உறையில் போட்டு மூடிய உடலைப் புதைப்பதாலோ எரிப்பதாலோ அக்கம்பக்கத்தாருக்கு ஆபத்து வந்ததாக எந்த ஆதாரமும் இல்லை. ஆனால் இதைச் சொல்ல வேண்டிய அரசே தடுமாறியது. 2020 மார்ச் 30-ந் தேதி மும்பை மாநகராட்சி, இறந்தவர் எந்த மதமானாலும் எரிக்கத்தான் வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டது. சில மணி நேரத்தில் வாபஸ். ஆனால் ‘புதைத்தால் ஆபத்து’ என்ற எண்ணம் வாபஸ் ஆகவில்லை. பாந்த்ராவில் முஸ்லிம் அடக்கஸ்தலங்களை எதிர்த்து வழக்கு வந்தது. பிணத்திலிருந்து நோய் பரவும் என்பதற்கு விஞ்ஞான ஆதாரம் இல்லை என்று கூறி மே 22-ந் தேதி மும்பை உயர் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது.

மும்பை சில மணி நேரத்தில் விட்டதைக் கொழும்பு ஏறத்தாழ ஓராண்டு பிடித்துக்கொண்டிருந்தது. இலங்கையில் 2020 மார்ச் முடிவிலிருந்து எல்லா கொரோனா உடல்களும் கட்டாயமாக எரிக்கப்பட்டன. நிலத்தடி நீர் கெட்டுவிடும் என்று காரணம் சொன்னார்கள். பிறந்து 20 நாளே ஆன முஸ்லிம் குழந்தைகூடத் தப்பவில்லை. தமிழ் பேசும் முஸ்லிம்கள் அதிகமுள்ள கிழக்கு மாகாணத்தில் ஆத்திரம் பொங்கியது. 2021 பிப்ரவரியில்தான் அடக்கத்துக்கு அனுமதி வந்தது. அதுவும் மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடியில் மட்டும். 2024 ஜூலையில் இலங்கை அரசு மன்னிப்புக் கேட்டது.

இந்த விஷயத்தில் நல்ல முன்மாதிரியைக் காட்டியவர்கள் எண்ணிக்கையில் மிகச் சிறியவர்கள்: பார்சிகள். உடலைப் புதைக்கவும் கூடாது, எரிக்கவும் கூடாது, அமைதிக் கோபுரத்தில் வெயிலுக்கும் பறவைக்கும் விட வேண்டும் என்பது அவர்கள் மரபு. கொரோனா விதிகள் இதற்கு இடம் தரவில்லை. சூரத் பார்சி பஞ்சாயத்து உச்ச நீதிமன்றம் வரை போனது. முடிவு தீர்ப்பில் வரவில்லை, பேச்சில் வந்தது: தடுப்பூசி போட்ட பிணந்தூக்கிகள், தனியாக ஒதுக்கிய இடம், பறவைகள் உள்ளே வராதபடி மேலே வலை. வெயில் மட்டும் தன் வேலையைச் செய்யும். 2022 பிப்ரவரியில் நீதிமன்றம் இதை ஏற்றது. மதமும் கெடவில்லை, சுகாதாரமும் கெடவில்லை. ஆனால் இதற்குள் இரண்டு அலைகள் அடித்து ஓய்ந்து, மூன்றாவதும் வந்துவிட்டிருந்தது.

இறந்தவர்கள் பாடு இது என்றால், இருப்பவர்கள் பாடு இன்னும் சிக்கலானது. தில்லி நிஜாமுதீனில் உள்ள தப்லீக் ஜமாஅத்தின் மர்க்கஸ் கட்டடத்தில் 2020 மார்ச் நடுவில் நாடெங்கிலுமிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் கூடியிருந்தார்கள். நெருக்கியடித்துப் படுத்து, ஒரே தட்டில் பலர் சாப்பிடும் இடம் அது. கிருமிக்கு விருந்து வைத்தது போல. 16-ந் தேதி 50 பேருக்கு மேல் கூடக் கூடாது என்று தில்லி அரசு சொன்ன பிறகும் கூட்டம் கலையவில்லை. ரயிலும் பஸ்ஸும் நின்ற பிறகு கலையவும் முடியவில்லை. ஏப்ரல் 1-ந் தேதிக்குள் 2,300-க்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டார்கள். நிர்வாகிகளின் அலட்சியம் சாதாரணமானதல்ல.

ஆனால் அந்த மார்ச்சில் அலட்சியம் யாருக்கும் தனிச் சொத்தாக இருக்கவில்லை. 13-ந் தேதி மத்திய சுகாதார அமைச்சக அதிகாரியே இது சுகாதார அவசர நிலை அல்ல என்றார். அதற்கு முந்தைய நாட்களில் ஆனந்த்பூர் சாகிபில் ஹோலா மொகல்லா திருவிழா நடந்தது. ஐரோப்பாவிலிருந்து திரும்பி அதில் கலந்துகொண்ட மதபோதகர் 18-ந் தேதி இறந்தார். சுமார் 20 கிராமங்களுக்கு சீல் வைக்கப்பட்டது. திருவனந்தபுரம் ஆற்றுக்கால் பொங்கல் நடந்தது. நாடாளுமன்றம் 23-ந் தேதி வரை நடந்தது. மதுரா விருந்தாவனமோ மர்க்கஸோ, எந்த இடமானாலும் கிருமி கேட்பது கூட்டத்தைத்தான்.

வித்தியாசம் பிறகு வந்தது. தினசரி அறிக்கைகளில் மர்க்கஸ் என்று தனிப் பத்தி போடப்பட்டது. ஏப்ரல் 18-ந் தேதி மத்திய அரசு தந்த கணக்கு இது: மொத்தம் 14,378 நோயாளிகள், அதில் 4,291 பேர், அதாவது 29.8 சதவிகிதம், தப்லீக் தொடர்புடையவர்கள். தமிழ்நாட்டில் 84 சதவிகிதம், தெலுங்கானாவில் 79, தில்லியில் 63.

எண்கள் பொய்யல்ல. ஆனால் அவை சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. 130 கோடிக்கு மேல் மக்கள் உள்ள நாட்டில் அதுவரை நடந்த பரிசோதனைகள் நான்கு லட்சத்துக்கும் குறைவு. அதில் மர்க்கஸ் போய்வந்தவர், அவர் வீட்டார், அவர் தெரு என்று தேடித் தேடிப் பரிசோதித்தார்கள். தேடிய இடத்தில் கிடைத்தது. தேடாத இடத்தில் எவ்வளவு இருந்தது என்பது அந்த ஆண்டு செப்டம்பரில் தினமும் 90,000-க்கு மேல் நோயாளிகள் வந்தபோது தெரிந்தது. அப்போது எந்த மதத்தின் பெயரையும் சொல்ல யாருக்கும் அவகாசம் இருக்கவில்லை.

பழிக்கு விலை இருந்தது. அது மருத்துவ விலை. காய்கறி வண்டிக்காரர்களிடம் பெயர் கேட்டு விரட்டினார்கள். மீரட்டில் ஒரு தனியார் மருத்துவமனை, முஸ்லிம் நோயாளிகள் கொரோனா இல்லை என்ற சான்றோடு வர வேண்டும் என்று பத்திரிகையில் விளம்பரமே கொடுத்தது, வழக்கும் வாங்கிக்கொண்டது. இமாசலப் பிரதேசத்தில் தப்லீக் ஆட்களோடு பழகியதாகச் சொல்லப்பட்ட ஒருவர், பரிசோதனையில் நோய் இல்லை என்று வந்த பிறகும் ஊராரின் ஏச்சுத் தாங்காமல் தற்கொலை செய்துகொண்டார். இதைப் பார்த்த பிறகு, இருமல் வந்த எந்த மனிதன் தானாக முன்வந்து கையை நீட்டுவான்? ஏப்ரல் 23-ந் தேதி எய்ம்ஸ் இயக்குநர் ரண்தீப் குலேரியா இதைத்தான் சொன்னார்: அவமானத்துக்குப் பயந்து நோயாளிகள் தாமதமாக வருகிறார்கள், அதனால் சாவு கூடுகிறது.

இந்தப் பயம் முஸ்லிம்களோடு நிற்கவில்லை. மருத்துவர்களையும் நர்ஸுகளையும் வீட்டுக்காரர்கள் காலி செய்யச் சொன்னார்கள். மத்திய அரசு ஏப்ரல் 22-ந் தேதி 1897-ம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தி, மருத்துவ ஊழியர்களைத் தாக்கினால் ஏழாண்டு வரை சிறை என்று எழுத வேண்டியிருந்தது. சென்னையில் மாநகராட்சி ஆட்கள் நோயாளி வீட்டு வாசலைத் தகரம் வைத்து அடைத்தார்கள். தகரம் கிருமியைத் தடுக்காது. தெருவுக்கு அடையாளம் காட்டும். வீட்டு வாசலில் நோட்டீஸ் ஒட்டுவதற்கு எதிரான வழக்கில், உரிய அதிகாரியின் தனி உத்தரவு இல்லாமல் ஒட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது 2020 டிசம்பர் ஆகிவிட்டது.

தமிழக அரசு ஒரு காரியத்தைச் சமயோசிதமாகச் செய்தது. ஏப்ரல் தொடக்கத்திலேயே தன் அறிக்கைகளில் மாநாட்டின் பெயரை நீக்கிவிட்டு ‘ஒரே மூலத்திலிருந்து பரவியவை’ என்று எழுதத் தொடங்கியது. எந்தச் சமூகத்தையும் பகுதியையும் அடையாளப்படுத்த வேண்டாம் என்று மத்திய சுகாதார அமைச்சகமும் 8-ந் தேதி அறிவுரை வெளியிட்டது. அந்த மாதக் கடைசியில் குணமடைந்த தப்லீக் ஆட்கள் தில்லியில் வரிசையில் நின்று பிளாஸ்மா கொடுத்தார்கள். பிளாஸ்மாவால் பெரிய பலன் இல்லை என்று பின்னால் தெரிந்தது. ஆனால் அன்று அது மருந்தாக நம்பப்பட்டது, கொடுத்தவர்கள் நம்பித்தான் கொடுத்தார்கள்.

நீதிமன்றங்கள் மெதுவாக வந்தன. 2020 ஆகஸ்ட் 21-ந் தேதி மும்பை உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் கிளை, 29 வெளிநாட்டினர் மீதான வழக்குகளை ரத்து செய்தது. கொள்ளைநோய் வரும்போது அரசாங்கம் பலியாடு தேடும், இவர்கள் அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டதாகத் தெரிகிறது என்று நீதிபதிகள் எழுதினார்கள். டிசம்பரில் தில்லி நீதிமன்றம் 36 வெளிநாட்டினரை விடுதலை செய்தது. அவர்களுக்கு இடம் கொடுத்த 70 இந்தியர்கள் மீதான 16 வழக்குகளைத் தில்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது 2025 ஜூலை 17-ந் தேதி. ஐந்தாண்டு.

ஒரு கூட்டத்தைக் குற்றவாளியாக்கிய நாடு, அடுத்த ஆண்டே இன்னொரு கூட்டத்துக்குக் கம்பளம் விரித்தது. ஹரித்துவாரில் முந்தைய கும்பமேளா 2010-ல் நடந்தது. பன்னிரண்டாண்டுக் கணக்குப்படி அடுத்தது 2022-ல் வர வேண்டும். வியாழனின் ஓட்டத்தைக் கணக்கிட்ட ஜோதிடர்கள் 2021 என்றார்கள். கிரகம் ஓராண்டு முந்தியது, கிருமி காத்துக்கொண்டிருந்தது. நாட்டில் ஒரே நாளில் 1.68 லட்சம் புதிய நோயாளிகள் பதிவான ஏப்ரல் 12-ந் தேதி, கங்கையில் லட்சக்கணக்கானோர் ராஜ முழுக்குப் போட்டார்கள். மர்க்கஸ் மூடிய கட்டடம், கும்பமேளா திறந்தவெளி, மேலும் கங்கைத் தாயின் அருள் இருக்கிறது என்றார் அன்றைய முதல்வர் தீரத் சிங் ராவத். திறந்தவெளியில் ஆபத்துக் குறைவு என்பது சரிதான். ஆனால் பக்தர்கள் திறந்தவெளியில் பறந்து வரவில்லை. ரயில் பெட்டியிலும் பஸ்ஸிலும் வந்து, மடங்களிலும் கூடாரங்களிலும் நெருக்கமாகத் தங்கினார்கள். ஐந்து நாளில் 1,700-க்கும் மேற்பட்டோருக்கு நோய் இருப்பது தெரிந்தது. 13-ந் தேதி நிர்வாணி அகாடாவின் மகாமண்டலேசுவரர் கபில் தேவ் தாஸ் கொரோனாவில் இறந்தார். நிரஞ்சனி அகாடா தானாகவே மேளாவிலிருந்து விலகியது. 17-ந் தேதி பிரதமர், இனி அடையாளமாக மட்டும் நடத்தலாம் என்று வேண்டிக்கொண்டார். மேளாவில் நடந்த பரிசோதனைகளில் சுமார் ஒரு லட்சம் போலி என்ற குற்றச்சாட்டு ஜூனில் வெடித்தது.

ஹரித்துவாரிலிருந்து வீடு திரும்பியவர்களை யாரும் கல்லால் அடிக்கவில்லை. அடிக்காதது சரியே. ஆனால் பல மாநிலங்களில் அவர்களைத் தேடிப் பரிசோதிக்கவும் முந்தைய ஆண்டின் வேகம் இல்லை. ஒரு மதத்தின் மீது பழியும் இன்னொன்றின் மீது தயக்கமும், இரண்டுமே நோய்க்குத்தான் உதவின.

பயமுறுத்தினால் மக்கள் ஒளிவார்கள் என்பது இந்தியாவுக்குப் புதிய பாடம் அல்ல. 1896-ல் பம்பாயில் பிளேக் தொடங்கியது. அடுத்த ஆண்டு பூனாவில் பிளேக் அதிகாரி ராண்ட், சிப்பாய்களை வீடு வீடாக அனுப்பினார். பூஜையறைக்குள் பூட்ஸ் காலோடு போனார்கள். அக்குளிலும் தொடையிடுக்கிலும் நெறி கட்டியிருக்கிறதா என்று பெண்களைச் சோதித்தார்கள். மக்கள் நோயாளியைப் பரணில் ஒளித்தார்கள், பிணத்தை வீட்டுக்குள்ளேயே புதைத்தார்கள். 1897 ஜூன் 22-ந் தேதி, விக்டோரியா மகாராணியின் வைரவிழா இரவில், சாபேகர் சகோதரர்கள் ராண்டைச் சுட்டார்கள். அதே பம்பாயில் ஹாஃப்கின் கண்டுபிடித்த தடுப்பூசிக்கு ஜனங்கள் மிரண்டபோது, இஸ்மாயிலிகளின் தலைவரான இளம் ஆகாகான் தன் மக்கள் பார்க்கத் தானே ஊசி போட்டுக்கொண்டார். சிப்பாய்களால் ஆகாத காரியம் அந்த ஒரு கையால் ஆயிற்று.

மத நம்பிக்கை என்றாலே மருத்துவத்துக்கு எதிரி என்று எழுதிவிடுவதும் சோம்பேறித்தனம். பெரியம்மையைத் தமிழர்கள் அம்மன் என்றார்கள், வடக்கே சீதளா மாதா என்றார்கள். வாசலில் வேப்பிலை கட்டியாயிற்று என்றால் வெளியார் உள்ளே வர மாட்டார்கள், வீட்டார் விசேஷத்துக்குப் போக மாட்டார்கள். பெயர் என்னவானாலும் அது தனிமைப்படுத்தல்தான். அதிலும், நோயாளிக்கு மரியாதையோடு. தகரத்துக்கும் வேப்பிலைக்கும் உள்ள வித்தியாசம் அது. கோவையில் பிளேக் மாரியம்மன் கோவில் இன்றும் இருக்கிறது. 2021 மே மாதம் அதே கோவைப் பக்கம் இருகூரில் கொரோனா தேவிக்குக் கருங்கல் சிலை வைத்து யாகம் நடத்தினார்கள். பொதுமக்களை உள்ளே விடவில்லை. சிரிப்பவர்கள் சிரிக்கலாம். கூட்டம் சேராத யாகத்தால் நோய் பரவாது. கோமியம் குடித்தால் கொரோனா வராது என்று 2020 மார்ச்சில் தில்லியில் விருந்து வைத்ததும், மறு ஆண்டு அகமதாபாத் பக்கம் சாணியைப் பூசிக்கொண்டு கும்பலாக நின்றதும் வேறு ரகம். அங்கே நம்பிக்கை ஆறுதலாக நிற்கவில்லை, மருந்தாக வேஷம் போட்டது. வேஷத்தை நம்பியவன் முகக்கவசத்தைக் கழற்றிவிடுவான்.

தடுப்பூசி வந்தபோது வதந்திகளும் தயாராக இருந்தன. பன்றிக் கொழுப்பு இருக்கிறது என்று ஒரு பக்கம். பசு ரத்தம், கன்றுக்குட்டி சீரம் இருக்கிறது என்று இன்னொரு பக்கம். செல் வளர்க்கும் கட்டத்தில் சீரம் பயன்படும், இறுதி மருந்தில் இருக்காது என்று அரசு விளக்கியது. ஆண்மை போய்விடும் என்ற வதந்தியும் கிளம்பியது. சுத்த அபத்தம் என்றார் மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரி.

கடைசி வதந்திக்கு உத்தரப் பிரதேசத்தில் வயது அதிகம். 2002-ல் நாட்டில் சுமார் 1,600 போலியோ நோயாளிகள், பெரும்பாலோர் அங்கே. மொராதாபாத் பக்கத்து முஸ்லிம் குடும்பங்கள் சொட்டு மருந்துக்காரர்களைக் கண்டதும் கதவைச் சாத்தின. பிள்ளைகளுக்குப் பிற்காலத்தில் வாரிசு இல்லாமல் செய்யும் சதி என்றார்கள். மடமை என்று ஒதுக்குவது எளிது. ஆனால் அதே பிரதேசத்தில், முசாபர்நகரில், 1976-ல் கட்டாயக் கருத்தடையை எதிர்த்தவர்கள் மீது போலீஸ் சுட்டது. அந்தத் தலைமுறை இன்னும் திண்ணையில் உட்கார்ந்திருந்தது. அவர்கள் கேட்ட இன்னொரு கேள்விக்கும் பதில் இல்லை: குடிதண்ணீர் இல்லை, சாக்கடை இல்லை, காய்ச்சலுக்கு டாக்டர் இல்லை, இந்த ஒரு சொட்டுக்கு மட்டும் ஏன் மாதாமாதம் வருகிறீர்கள்?

அரசும் யூனிசெஃப்பும் அங்கே கற்றுக்கொண்டன. அந்தந்தத் தெருப் பெண்களையே வேலைக்கு எடுத்தார்கள். அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகமும் ஜாமியா மில்லியாவும் சேர்ந்துகொண்டன. மசூதி ஒலிபெருக்கியில் தொழுகை அழைப்போடு சொட்டு மருந்து அறிவிப்பும் வந்தது. வயிற்றுப்போக்கு மருந்தும் சோப்பும் கூடவே கொடுத்தார்கள். இமாம் தன் பேரனுக்கு முதலில் போட்டார். தெரு பின்னால் வந்தது. 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் காட்டு வைரஸால் ஒரு குழந்தைக்கும் போலியோ வரவில்லை. 2014 மார்ச் 27-ந் தேதி உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது.

அந்த அனுபவம் கையில் இருந்தும், 2020 ஏப்ரலில் அரசுகள் முதலில் தேடியது இமாமை அல்ல, இன்ஸ்பெக்டரை. அடுத்த ஆண்டு இரண்டாம் அலையில் மதத்தாரே முன்வந்தார்கள். வதோதராவில் ஒரு மசூதியும் ஒரு சுவாமிநாராயண் கோவில் வளாகமும் கொரோனா வார்டுகளாயின. காசியாபாத் இந்திராபுரத்தில் குருத்வாராக்காரர்கள் தெருவோரத்தில் ஆக்சிஜன் லங்கர் நடத்தினார்கள். காரில் வந்து மூச்சுத் திணறியவரிடம் யாரும் பெயர் கேட்கவில்லை.

கொரோனா பழி சீக்கிரம் மறந்துபோனது. வராத வீடு இல்லை என்றான பிறகு ஒதுக்க ஆள் ஏது? மற்ற நோய்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. காசநோய் மருந்தை இன்னும் மாமியாருக்குத் தெரியாமல் விழுங்கும் மருமகள்கள் இருக்கிறார்கள். தொழுநோய்க்குக் கூட்டு மருந்துச் சிகிச்சை இந்தியாவில் 1983-ல் தொடங்கியது. முதல் சில வேளை மருந்திலேயே தொற்று நின்றுவிடும். ஆனால் கணவனுக்கோ மனைவிக்கோ தொழுநோய் இருந்தால் விவாகரத்து கேட்கலாம் என்ற வரி கிறிஸ்தவர், முஸ்லிம், இந்து திருமணச் சட்டங்கள் மூன்றிலும் இருந்தது. மதம் பார்க்காத சிறப்புத் திருமணச் சட்டத்திலும் இருந்தது. நாடாளுமன்றம் அந்த வரியை நீக்கியது 2019-ல்.